திருவாதிரையைக் காணோம்: அர்ச்சனை சீட்டு மிஷினில் நாங்கள் கண்டதும் கற்றதும்

 

ரெண்டு மூனு வாரமா ஆலயத்துக்கு வர்ற நிறைய பேர் எங்களைக் கேட்குறாங்க. "அர்ச்சனை சீட்டு மிஷின்ல ஏன் மஞ்சள் பேப்பர் ஒட்டி வச்சிருக்கீங்க? கவுண்டரை மூடியாச்சுன்னு சொன்னீங்க, வெள்ளிக்கிழமை மறுபடியும் திறந்திருக்கே, என்ன கதை?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி முடியல. அதனால இங்க முழுசா எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. எங்க தப்பும் இதுல இருக்கு. அதை மறைச்சு எழுதினா இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை.

எங்களைப் பத்தி ஒரு வரி. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். பிறை தொழிற்பேட்டையில முப்பது வருஷத்துக்கு மேல தொழிற்சாலை வேலை, இப்போ சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் யூனிஃபார்மைக் கழட்டி வச்சுட்டு வேட்டி கட்டினா ஆலயத் தொண்டர். கம்ப்யூட்டர் நிபுணர் யாரும் இல்லை.

சித்திரை மாசம்தான் மிஷின் வந்தது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கவுண்டர்ல ஒரே ஒரு அக்கா, கையில ரசீது புத்தகம், வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். கூட்டத்தைப் பார்த்துட்டு ஓர் உபயதாரர் தானா முன்வந்து மிஷினை வாங்கிக் கொடுத்தார். திரையைத் தொட்டா போதும். பேர், நட்சத்திரம் போட்டு, டூய்ட்நவ் கியூ.ஆர்.ல காசு கட்டினா சீட்டு வெளியே வந்துடும். முதல் நாள் நாங்களே போட்டுப் பார்த்தோம். நாற்பது செகண்டுல சீட்டு கையில. கை தட்டினோம். அடுத்த வாரமே கவுண்டரை மூடியாச்சு.

அப்போ ஒன்னு எங்களுக்குத் தோணல. அந்த மிஷினுக்குள்ள என்னென்ன வரணும்னு உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்ததே நாங்கதான். எங்களுக்கு அது சுலபமா இல்லாம வேற யாருக்கு இருக்கும்?

நம்ம ஆலயத்துக்கு ஒரு பாட்டி தவறாம வருவாங்க. வெள்ளிக்கிழமைன்னா ஆறரை மணிக்கு தட்டும் தேங்காயுமா வந்து நிப்பாங்க. மகன் சிங்கப்பூர்ல வேலை. மகன் பேர்ல ஓர் அர்ச்சனை, திருவாதிரை நட்சத்திரம். கவுண்டர் அக்காவுக்கு அது மனப்பாடம், கேட்கவே மாட்டாங்க, எழுதிடுவாங்க. அந்தப் பாட்டியைத் தொடர்ந்து மூனு வெள்ளி காணோம். உடம்பு சரியில்லையோன்னு நினைச்சோம். ஒரு ஞாயித்துக்கிழமை பாசார்ல பார்த்துக் கேட்டோம்.

"முட்டி வலிப்பா" என்றார் முதலில். காய்கறிப் பையை வாங்கி கொஞ்ச தூரம் கூட நடந்தோம். அப்புறம்தான் வாயைத் திறந்தாங்க. "அந்தப் பொட்டிகிட்ட நான் நின்னா பின்னால வரிசை நின்னுடுது. ஒரு புள்ள, 'பாட்டி, சீக்கிரம்'னுச்சு. நான் படிக்காதவ. என்னால எல்லாருக்கும் லேட்டு. வீட்லயே சாமி கும்பிட்டுக்குறேன், விடுப்பா."

அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. வரிசை குறைஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டோமே, அதுல எத்தனை பேர் இப்படிக் குறைஞ்சவங்க?

தொண்டர் கூட்டத்துல இதைச் சொன்னோம். ஒருத்தர், மிஷின் பக்கத்துல பெரிய அறிவிப்புப் பலகை வைக்கலாம்னார். இன்னொருத்தர், வயசானவங்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கலாம்னார். நம்ம குழுவுல ஒரு தங்கச்சி, மென்பொருள் கம்பெனியில வேலை செய்றவங்க, வேற மாதிரி சொன்னாங்க. "அண்ணே, யாரையும் கருத்து கேட்காதீங்க. கேட்டா எல்லாரும் 'நல்லா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. அஞ்சு பேரை மிஷின் முன்னால நிக்க வச்சு, அர்ச்சனை சீட்டு எடுங்கன்னு சொல்லிட்டு, வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

அஞ்சு பேர் போதுமான்னு கேட்டோம். ஜேக்கப் நீல்சன்னு டென்மார்க்கைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டே எழுதியிருக்காராம். 2000ஆம் ஆண்டு எழுதின கட்டுரை. அஞ்சு பேரைக் கவனிச்சாலே குறைகள்ல ஏறக்குறைய 85 விழுக்காடு வெளியே வந்துடும்னு அவர் கணக்கு. பதினஞ்சு பேரை ஒரே தடவை பார்க்குறதை விட, அஞ்சு பேரைப் பார்த்து, சரி பண்ணி, மறுபடியும் அஞ்சு பேரைப் பார்க்குறதுதான் நல்லதுன்னும் சொல்லியிருக்கார். ஆனா அந்த அஞ்சு பேரும் ஒரே மாதிரி ஆளா இருக்கக் கூடாது. ஆலயத்துக்கு வர்றதே பல மாதிரி ஜனங்கதானே?

எங்களுக்கு இது புதுசு மாதிரி தெரியல. நாங்க வேலைக்குச் சேர்ந்தது ஜப்பான்காரங்க தொழிற்சாலையில. 1982ல கிழக்கு நோக்கும் கொள்கை வந்த பிறகு ஜப்பான் முறைகள் இந்த நாட்டுத் தொழிற்சாலைகள்ல நல்லா பரவியிருந்த காலம். அங்க முதல்ல சொல்லிக் கொடுக்குற வார்த்தை 'கெம்பா'. வேலை நடக்குற இடம்னு அர்த்தம். லைன்ல குறை வந்தா ஆபீஸ்ல உட்கார்ந்து பேசாதே, அந்த இடத்துக்குப் போய் உன் கண்ணால பாரு. இத்தனை வருஷம் தொழிற்சாலையில செஞ்சதை ஆலயத்துல செய்யத் தோணலையேன்னு வெட்கமா இருந்துச்சு.

அடுத்த வெள்ளி சாயந்திரம் அஞ்சு மணி, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. ஒரு மடக்கு மேசை, ஒரு பள்ளிக்கூட நோட்டு, ரெண்டு பேனா. கேமரா கிடையாது. ஒருத்தர் பேசணும், ஒருத்தர் எழுதணும். சீட்டுக் காசு எங்களோடது. எங்களுக்கு நாங்களே மூனு விதி போட்டுக்கிட்டோம்.

ஒன்னு: ஆரம்பிக்கும்போதே, "உங்களைச் சோதிக்கல, மிஷினைத்தான் சோதிக்கிறோம். நீங்க தடுமாறினா அது மிஷினோட குறை" என்று சொல்லணும்.

ரெண்டு: உதவி செய்யக் கூடாது. அவங்களே "முடியல"ன்னு சொன்னாதான் கை நீட்டணும்.

மூனு: கண்ணால பார்த்ததையும் காதால கேட்டதையும் மட்டும் எழுதணும். நம்ம கருத்தை எழுதக் கூடாது.

ரெண்டாவது விதிதான் ரொம்பக் கஷ்டம். ஆலயத் தொண்டன் கை சும்மா நிக்குமா? யாராவது தடுமாறினா தானா நீளும். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னோம்.

முதல்ல ஓர் ஐயா, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். திரை இங்கிலீஷ்ல இருந்தது. 'தமிழ்' என்ற பட்டன் மேல் மூலையில சின்னதா இருக்கு. அது அவர் கண்ணுக்குப் படவே இல்ல. கடைசியில மலாய்ல மாத்தி எடுத்தார். "தமிழ் கோயில்ல தமிழைத் தேட வேண்டியிருக்கு" என்றார் சிரிச்சுக்கிட்டே. அதை அப்படியே எழுதிக்கிட்டோம்.

ரெண்டாவது ஓர் அக்கா, குடும்பத்துல அஞ்சு பேருக்கு அர்ச்சனை. நாலாவது பேர் போடும்போது ரெண்டாவது பேர்ல எழுத்துப் பிழை இருக்குறதைக் கவனிச்சாங்க. பின்னால போற அம்புக்குறியை அழுத்தினாங்க. நாலு பேரும் அழிஞ்சு போச்சு. ஒன்னும் சொல்லல, பெருமூச்சு மட்டும். அதையும் எழுதினோம்.

மூனாவது ஒரு தம்பி, காலேஜ் மாணவர். விரல் பறக்குது. இவர் முப்பது செகண்டுல முடிச்சுடுவார்னு நினைச்சோம். நட்சத்திரம் கேட்டதும் நின்னுட்டார். தெரியாது. 'தெரியாது'ன்னு ஒரு பட்டனும் இல்ல. அம்மாவுக்குப் போன் போட்டார், அம்மா எடுக்கல. அதுக்குள்ள நேரம் முடிஞ்சு திரை முதல் பக்கத்துக்கே போயிடுச்சு. வயசானவங்களுக்கு மட்டும்தான் பிரச்சினைன்னு எங்க மனசுல இருந்த எண்ணம் அங்கேயே உடைஞ்சுது. கவுண்டர்ல என்ன நடக்கும்? நட்சத்திரம் தெரியலைன்னா அக்கா "பரவாயில்ல தம்பி, சாமி பேருக்கே பண்ணிடலாம்"னு சொல்லிடுவாங்க. அந்த ஒரு வாக்கியம் மிஷினுக்குத் தெரியாது. நாங்க எழுதிக் கொடுத்த பட்டியல்லயும் அது இல்ல.

நாலாவது, நம்ம பாட்டி. வீட்டுக்குப் போய், "எங்களுக்காக ஒரே ஒரு தடவை வாங்க பாட்டி, நீங்க வந்தாதான் மிஷின்ல என்ன தப்புன்னு தெரியும்"னு கேட்டுக் கூட்டிட்டு வந்தோம். மகன் பேரை நிதானமா போட்டுட்டாங்க. அடுத்தது நட்சத்திரப் பட்டியல். மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. பையில கைவிட்டு கண்ணாடியை எடுத்து மாட்டினாங்க. மறுபடியும் பார்த்தாங்க. அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, "என் மவன் நட்சத்திரமே இதுல இல்லையேப்பா" என்றார்.

இருந்துச்சு. ரெண்டாவது வரியிலேயே இருந்துச்சு. 'ஆர்த்ரா'ன்னு.

இருபத்தேழு நட்சத்திரத்தையும் வடமொழிப் பேர்ல, இங்கிலீஷ் அகர வரிசையில போட்டு, அதை அப்படியே தமிழ் எழுத்துல மாத்தியிருந்தாங்க. அனுராதா, ஆர்த்ரா, ஆஸ்லேஷான்னு போகுது. அனுஷம், திருவாதிரை, ஆயில்யம்னு இருந்தாதானே நம்ம ஜனத்துக்குப் புரியும்? கேட்டை அங்க 'ஜ்யேஷ்டா'. அவிட்டம் 'தனிஷ்டா'. திருவோணம் 'ஸ்ரவணா'. இதைச் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் நாங்கதான். எங்க நட்சத்திரம் ரோகிணி. அது ரெண்டு மொழியிலயும் ரோகிணிதான். எங்களுக்கு ஒன்னும் உறுத்தல.

பாட்டிக்கு அந்த இடத்துல மட்டும் உதவினோம். கடைசிப் பக்கத்துல பச்சைக் கலர்ல ஒரு பட்டன், 'சமர்ப்பி'. பாட்டி வாய்விட்டுப் படிச்சாங்க. மிஷினை விட்டுட்டுக் கருவறைப் பக்கம் திரும்பி, கையில இருந்த தேங்காய்த் தட்டைத் தூக்கிக் காட்டினாங்க.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அடுத்த நிமிஷம் வெட்கமும் வந்தது. ஆலயத்துல 'சமர்ப்பி'ன்னா வேற என்ன அர்த்தம்? பாட்டி செஞ்சதுதான் சரி.

அஞ்சாவது, கைக்குழந்தையோட ஒரு தங்கச்சி. எல்லாம் சரியா போட்டு காசும் கட்டிட்டாங்க. சீட்டு வர்ற ஓட்டை முட்டி உயரத்துல இருக்கு. சீட்டு வந்ததே தெரியாம கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, மிஷின் காசை விழுங்கிடுச்சுன்னு நினைச்சு நகர்ந்துட்டாங்க.

மொத்தம் ஒரு மணி நேரம் கூட ஆகல. இது வரைக்கும் நல்லபடியா நடந்துச்சு. தப்பு இதுக்கு அப்புறம்தான்.

அன்னிக்கு ராத்திரி இருந்த வேகத்துல, கைப்பேசியை எடுத்து ஆலயத்தோட பெரிய வாட்ஸ்அப் குழுவுல எழுதினோம். "மிஷின் யாருக்கும் உதவாது. செஞ்சவங்களுக்கு நம்ம ஜனத்தைப் பத்தி ஒன்னும் தெரியல. பாட்டிமாரை அழ வைக்கிற மிஷின் எதுக்கு?" இப்படி. கூடவே பாட்டி திரை முன்னால குனிஞ்சு நிக்கிற படத்தையும் போட்டோம். கேமரா வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தும் ஒருத்தர் கைப்பேசியில எடுத்த படம் அது.

காலையில எழுந்து பார்த்தா எழுபது எண்பது பதில். பாதி பேர் நிர்வாகத்தைத் திட்டுறாங்க, பாதி பேர் எங்களைத் திட்டுறாங்க. திருவாதிரை பத்தி ஒருத்தரும் பேசல. உபயதாரர் ஒரு வார்த்தை சொல்லாம குழுவிலிருந்து விலகிட்டார். மத்தியானம் பாட்டியோட பேத்தி போன் பண்ணுச்சு. "அங்கிள், எங்க பாட்டியை ஏன் இப்படிக் காட்டுனீங்க?" பதில் சொல்ல முடியல. படிக்காதவன்னு நாலு பேர் முன்னால தெரியக் கூடாதுன்னுதானே அந்த அம்மா ஆலயத்துக்கே வராம இருந்தாங்க? நாங்க அதை நானூறு பேருக்குக் காட்டிட்டோம்.

படத்தையும் பதிவையும் அழிச்சோம். பாட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டோம். அப்புறம் உபயதாரர் வீட்டுக்குப் போனோம். தண்ணி கொடுத்து உட்கார வச்சார். "குறை இருக்குன்னு சொன்னதுல வருத்தம் இல்ல. என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் ஜனத்துக்குக் கெடுதல் பண்ண வாங்கிக் கொடுத்த மாதிரி எழுதிட்டீங்களே" என்றார். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டோம்.

தொழிற்சாலையில பயிற்சி கொடுக்கும்போது ஒரு கதை சொல்வாங்க. வேலையில தப்பே நடக்க முடியாதபடி கருவியை அமைக்கிற ஒரு முறையை 1960கள்ல ஷிகியோ ஷிங்கோங்கற பொறியாளர் ஜப்பான்ல பரப்பினார். முதல்ல அதுக்கு 'பக்கா யோக்கே'ன்னு பேர். முட்டாள் செஞ்சாலும் தப்பு வராதபடி தடுக்கிறதுன்னு அர்த்தம். ஒரு தொழிற்சாலையில அந்தப் பேரைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி, "நான் அவ்வளவு முட்டாளா?"ன்னு அழுதுட்டாங்களாம். அதுக்கப்புறம் அவர் பேரை 'பொக்கா யோக்கே'ன்னு மாத்தினார். கவனப்பிசகைத் தடுக்கிறதுன்னு அர்த்தம். முறை அதேதான், வார்த்தை மட்டும்தான் மாறுச்சு. இந்தக் கதையை நாங்களே எத்தனையோ புது ஆப்பரேட்டர்களுக்குச் சொல்லியிருக்கோம். எங்களுக்கு நாங்க சொல்லிக்கல.

மறுபடியும் நோட்டை எடுத்து, ஒரே ஒரு ஏ4 தாள்ல எழுதினோம். பேர் கிடையாது, படம் கிடையாது. மேல தேதி, எத்தனை பேர், என்ன செய்யச் சொன்னோம். அடுத்தது, மிஷின்ல எது நல்லா வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. கியூ.ஆர். காசு கட்டுறதுல ஒருத்தரும் தடுமாறல, அதைச் சொல்லணும்ல? அப்புறம் குறைகள். ஒவ்வொன்னுக்கும் என்ன பார்த்தோம், அஞ்சுல எத்தனை பேர், அதனால அர்ச்சனை நின்னு போச்சா இல்ல தாமதம் மட்டுமா, யார் எப்போ சரி செய்றது.

ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும். முதல்ல எழுதினது: "நட்சத்திரப் பட்டியல் படு மோசம்." அடுத்து எழுதினது: "நட்சத்திரப் பட்டியலில் ஐவரில் இருவர் நின்றுவிட்டனர். ஒருவருக்குத் தன் நட்சத்திரம் தெரியாது, 'தெரியாது' என்ற பட்டன் இல்லை. ஒருவர் திருவாதிரையைத் தேடினார், பட்டியலில் ஆர்த்ரா என்று இருந்தது." முதல்ல எழுதினதைப் படிச்சா கோபம் வரும். ரெண்டாவதைப் படிச்சா என்ன செய்யணும்னு தெரியும்.

அந்தத் தாளை முதல்ல உபயதாரர்கிட்டதான் கொண்டுபோனோம். முழுசா படிச்சார். "எனக்கும் திருவாதிரைன்னாதான்யா தெரியும்"னு சிரிச்சார். அவரே மிஷின் கம்பெனிக்குப் போன் போட்டார். செயலாளர் தாளை நிர்வாகக் கூட்டத்துல வச்சார். அஞ்சு நிமிஷத்துல முடிவாச்சு, சண்டை இல்ல.

பத்து நாள்ல முதல் பக்கமே தமிழ், மலாய், இங்கிலீஷ்னு மூனு பெரிய பட்டனோட வந்துச்சு. நட்சத்திரம் அசுவினியில ஆரம்பிச்சு ரேவதி வரைக்கும் நம்ம வரிசைப்படி. கடைசியில 'நட்சத்திரம் தெரியாது, சாமி பேருக்கு' என்று ஒரு பட்டன். 'சமர்ப்பி' போய் 'சீட்டு எடு' வந்துச்சு. பின்னால போனாலும் பேர் அழியாது. காத்திருக்கிற நேரத்தையும் கூட்டியாச்சு. சீட்டு வர்ற ஓட்டையை மட்டும் மாத்த முடியாதுன்னுட்டாங்க. அதுக்குத்தான் அந்த மஞ்சள் பேப்பர், கீழே பார்க்கும் அம்புக்குறி. ஒட்டினது நாங்கதான். கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க.

சரி பண்ணின பிறகு வேற மூனு பேரை நிக்க வச்சுப் பார்த்தோம். சீட்டுல எழுத்து சின்னதா இருக்குன்னு புதுசா ஒரு குறை கிடைச்சுது. குருக்களே கண்ணைச் சுருக்கித்தான் படிக்கிறார். அதையும் தாள்ல சேர்த்தாச்சு, ஆடி வெள்ளிக்குள்ள முடிஞ்சுடும்.

கவுண்டரை ஏன் திறந்தோம்னு கேட்டீங்களே. தாள்ல கடைசி வரி அதுதான்: "மிஷின் எல்லாருக்கும் அல்ல." காசு நோட்டு மட்டும் வச்சிருக்கிறவங்க இருக்காங்க. விரல் காய்ஞ்சு போய், தொட்டாலும் திரை கேட்காதவங்க இருக்காங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் அக்கா இருப்பாங்க.

பாட்டி திரும்ப வந்துட்டாங்க. மிஷின்ல திருவாதிரை வந்துடுச்சுன்னு காட்டினோம். கிட்ட வந்து பார்த்து, விரலால ஒரு தடவை தொட்டுட்டு, "ஆமா, இருக்கு"ன்னாங்க. அப்புறம் நேரா கவுண்டருக்குப் போயிட்டாங்க. "பொட்டி இருக்கட்டும்யா, எனக்கு இந்தப் பொண்ணு போதும்." மிஷின் பக்கம் நிறைய பேர் போறதால கவுண்டர்ல இப்போ கூட்டம் இல்ல. அக்காவுக்குப் பாட்டியோட மகனைப் பத்தி விசாரிக்க நேரம் இருக்கு.

இனி ஒரு வேண்டுகோள். அடுத்தது பால்குடப் பதிவுப் பாரத்தை இதே மாதிரி பார்க்கப் போறோம். வர்ற வெள்ளி சாயந்திரம் அஞ்சு மணிக்கு அஞ்சு பேர் வேணும். பத்து நிமிஷம் போதும். கைப்பேசி சரியா வராதவங்க, தமிழ் படிக்க வராத பிள்ளைங்க, "எனக்கு இதெல்லாம் தெரியாது"ன்னு சொல்றவங்க, நீங்கதான் எங்களுக்கு முக்கியம். படம் எடுக்க மாட்டோம், பேர் எழுத மாட்டோம். நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்கதான் எங்க வேலை ஆரம்பிக்குது.

மிஷின் பத்தின தாள் அலுவலகப் பலகையில ஒட்டியிருக்கு. யார் வேணும்னாலும் படிக்கலாம். விட்டுப் போன குறை இருந்தா கீழே பேனாவால எழுதுங்க. என்ன பார்த்தீங்கன்னு மட்டும் எழுதுங்க, போதும்.

எழுதினதுல யார் மனசாவது நோகும்படி இருந்தா பொறுத்தருளுங்க. இந்தத் தடவை பதிவு போடுறதுக்கு முன்னாடி பாட்டிக்கும் உபயதாரருக்கும் படிச்சுக் காட்டிட்டோம். பாட்டி ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க: "முட்டி வலி பொய் இல்லப்பா, அதுவும் இருந்துச்சு."

ஆடி வெள்ளியில சந்திப்போம்.